தீட்டிய கல்லிலேயே கூர் பார்த்தவர்கள்

ரோமாபுரியை ஆண்ட ஐந்தாவது ராஜா டார்குவினியஸ் பிரிஸ்கஸ். குதிரைப்படையைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று அவர் கிளம்பியபோது ஆட்டஸ் நேவியஸ் என்ற சகுனக்காரர் குறுக்கே விழுந்தார். பறவைகள் உத்தரவு கொடுக்காமல் படையில் கை வைக்கக் கூடாதாம். ராஜாவுக்குச் சுருக்கென்றது. பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கக் குருவியிடம் அனுமதியா? நாலு பேர் முன்னால் இந்த ஆளை மட்டம் தட்டிவிடுவது என்று தீர்மானித்து, "நான் இப்போது மனதில் ஒன்று நினைத்திருக்கிறேன். அது நடக்குமா நடக்காதா, உம்முடைய பறவைகளைக் கேட்டுச் சொல்லும்" என்றார். நேவியஸ் சாங்கோபாங்கமாகச் சகுனம் பார்த்துவிட்டு வந்து, "பேஷாக நடக்கும்" என்றார். "அப்படியா? சவரக்கத்தியால் சாணைக்கல்லை நீர் வெட்டுவதாகத்தான் நினைத்தேன். எங்கே, வெட்டும் பார்க்கலாம்!" நேவியஸ் கத்தியை வாங்கினார், கல்லை இரண்டாக நறுக்கினார், போய்க்கொண்டே இருந்தார்.

இதை லிவி என்ற சரித்திரக்காரர் எழுதிவைத்திருக்கிறார். சம்பவம் நடந்த இடத்தில் நேவியஸுக்குச் சிலை வைத்தார்கள். கல்லுக்கும் மரியாதை செய்தார்கள். தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறவனை நம் ஊரில் நன்றிகெட்டவன் என்பார்கள். அங்கே தீட்டுகிற கல்லிலேயே கூர் பார்த்தவருக்குச் சிலை. அந்தக் கத்தி அப்புறம் என்ன கதிக்கு ஆளாயிற்று என்று மட்டும் ஒருத்தரும் விசாரிக்கவில்லை. சவரக்கத்தியின் வாய் கல்லின் மேல் ஒரு தடவை குத்துவாக்கில் இறங்கினாலே போதும், அதைப் பழைய பதத்துக்குக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கல்லை நறுக்கின கத்தியால் மறுநாள் காலையில் எவனாவது முகம் வழித்திருந்தால், லிவி எழுதியிருக்க வேண்டிய அற்புதம் அதுதான்.

சவரத்தின் சரித்திரம் முழுக்கவே இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. தாடி வைப்பதா எடுப்பதா என்று ராஜாக்கள் சட்டம் போட்டிருக்கிறார்கள், மதகுருமார்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். கத்தியைத் தீட்டுவது யார் என்ற கேள்வி வந்தால் மட்டும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

நேவியஸ் காலத்தில் ரோமில் கத்தி இருந்திருக்கிறது, கல்லும் இருந்திருக்கிறது, நாவிதர் மட்டும் இல்லை. அவர் வர இன்னும் கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் ஆயிற்று. நகரம் பிறந்து 453 வருஷம் கழித்து, அதாவது கி.மு. 300 வாக்கில், டிட்டினியஸ் மேனா என்பவர் சிசிலியிலிருந்து நாவிதர்களை அழைத்துக்கொண்டு வந்தார் என்று வாரோ என்ற பண்டிதர் கணக்குச் சொல்கிறார். அர்டியா என்ற ஊரில் இதற்குப் பொது இடத்தில் கல்வெட்டு இருந்ததாம். போரில் ஜெயித்ததற்குக் கல்வெட்டு உண்டு, குளம் வெட்டியதற்குக் கல்வெட்டு உண்டு. நாவிதர் வந்து இறங்கியதற்கே கல்வெட்டு என்றால், அதற்கு முந்தைய தலைமுறைகளின் கன்னங்கள் என்ன பாடு பட்டிருக்கும்!

நாவிதர் வந்ததும் துன்பம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் சாணைக்கற்களை ரகம் ரகமாகப் பிரித்து எழுதியிருக்கிறார். எண்ணெய் விட்டுத் தீட்டும் கல் ஒன்று, தண்ணீர் விட்டுத் தீட்டும் கல் ஒன்று. சவரக் கடைகளுக்கென்றே இன்னொரு ரகம், அது மனித எச்சிலில்தான் வேலை செய்யும். ஸ்பெயினில் லமினியம் பக்கத்துக் கல் இந்த வகையில் ஒசத்தி என்று சிபாரிசு வேறு. பாதி உலகத்தைக் கட்டியாண்ட ரோமப் பிரஜை, தன் கன்னத்துக்கு வரப்போகிற கத்தியைத் தீட்டும் கல்லில் நாவிதர் துப்புவதைப் பார்த்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தான்.

துப்பினாலாவது கூர் வந்ததா? யூட்ராபெலஸ் என்ற நாவிதர் முகத்தை ஒரு சுற்று வழித்து முடிப்பதற்குள் வழித்த இடத்தில் அடுத்த தாடி முளைத்துவிடுகிறது என்று மார்ஷியல் என்ற கவி நக்கலடித்திருக்கிறார். மழுங்கல் கத்தி வைத்திருப்பவர்தான் அவ்வளவு நிதானமாக வேலை பார்ப்பார். நல்ல கூரான ரோமானியக் கத்தி ஒன்று சட்டப் புத்தகத்தில் அகப்படுகிறது, அதுவும் கொலைக் கருவியாக. சிலபேர் பந்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் ஒரு நாவிதர் அடிமை ஒருவனுக்குச் சவரம் செய்கிறார். வேகமாக வந்த பந்து அவர் கையில் பட, கத்தி இறங்கி, கழுத்து போயிற்று. குற்றம் யார் மேல்? பந்தடித்தவன் மேலா, விளையாடுகிற இடத்தில் கடை போட்ட நாவிதர் மேலா? பெரிய பெரிய வக்கீல்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் உல்பியன் என்பவர், அப்படிப்பட்ட இடத்தில் நாற்காலி போட்ட நாவிதரிடம் போய்க் கழுத்தை நீட்டியவன் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதுதான் என்கிற ரீதியில் முடித்துவைத்தார். செத்தவனிடம் இதை எப்படித் தெரிவிப்பது என்று அவர் எழுதவில்லை.

இந்தப் பயமெல்லாம் முன்கூட்டியே வந்த ஒருவர் உண்டு. சிசிலித் தீவில் சிராக்யூஸ் நகரத்தின் சர்வாதிகாரி டயனீஷியஸ். ஊரையே கழுத்தில் கத்தி வைத்து ஆண்டவருக்குத் தன் கழுத்தில் பிறத்தியார் கத்தி வைப்பது சகிக்கவில்லை. பெற்ற பெண்களுக்கே சவரம் கற்றுக்கொடுத்தார் என்று சிசரோ என்ற ரோமானியப் பேச்சாளர் சொல்கிறார். ராஜகுமாரிகள் அப்பாவுக்கு முகம் வழித்துவிட்டார்கள். அவர்கள் வளர்ந்து பெரியவர்களானதும் அப்பாவுக்கு அவர்கள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. "இரும்பு வேண்டாம்மா, கீழே வை" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, வால்நட் ஓட்டைத் தணலாகப் பழுக்கவைத்துத் தாடியைக் கருக்கிவிடச் சொன்னார். சாணைக்கல் தேவைப்படாத சவரம் என்ற மனித குலத்தின் கனவு முதன்முதலில் நிறைவேறியது இங்கேதான். கொஞ்சம் வாடை அடித்திருக்கும்.

அடுத்த ஆயிரத்தைந்நூறு வருஷங்களை ஒரே இழுப்பில் வழித்துத் தள்ளிவிடலாம். பெரும்பாலும் தாடிதான்.

1769-ல் பாரிஸில் ழான்-ழாக் பெரே என்ற கத்திக் கொல்லர் ஒரு புத்தகம் போட்டார். விஷயம், தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி. கத்தியைப் பொறுக்குவது, கல்லைப் பொறுக்குவது, தீட்டுவது, தோல்வாரில் இழுப்பது எல்லாம் அதில் உண்டு. தச்சனின் இழைப்புளியைப் பார்த்து யோசனை வந்து, கத்திக்கு மரத்தில் ஒரு கவசம் மாட்டி, வாய் மட்டும் துளி வெளியே தெரிகிற மாதிரி ஒரு கருவியையும் அவர் செய்தார். தோல் கிழியாது. கத்தி மழுங்கினால்? கவசத்தைக் கழற்று, கல்லை எடு. அந்த இடத்தில் பெரேயாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தீட்டுவதைக் காதால் கேட்டால் ரொம்ப சுலபம். கத்தியைக் கல்லின் மேல் படுக்கப்போட வேண்டும். முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லைத் தொட வேண்டும். கோணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, முதுகின் கனத்திலேயே கொல்லர் அந்தக் கணக்கை வைத்துவிட்டார். கல்லில் வாய் முன்னே போகும். தோல்வாரில் அப்படியே தலைகீழ், முதுகு முன்னே, வாய் பின்னே. ஒரு கோடிக்குப் போனதும் கத்தியை முதுகின் மேல் புரட்டித் திருப்ப வேண்டும். பழக்கதோஷத்தில் வாயின் மேல் புரட்டினால் வார் அறுந்து தொங்கும், கூரும் போய்விடும். வாரைத் தொளதொளவென்று பிடித்தால் வாய் உருண்டுவிடும். கல்லில் அளவுக்கு மீறித் தேய்த்தாலோ, கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று வாயோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அது முதல் கன்னத்தில் பிரமாதமாக வழிக்கும், இரண்டாவது கன்னத்தில் உதிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். சரியாகத் தீட்டின கத்தியா என்று பார்க்கத் தலைமயிர் ஒன்றைப் பிடுங்கி, விரல் நுனியில் தொங்கவிட்டு, வாயின் மேல் மெதுவாக இறக்க வேண்டும். சத்தமில்லாமல் விழுந்தால் சரி. விழாவிட்டால் மறுபடி கல்லுக்குப் போ. மூன்றாவது நாளில் பிடுங்க மயிர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கல்லுக்கும் ஜாதகம் பார்ப்பார்கள். துருக்கிக் கல் என்பார் ஒருவர், பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பக்கம் வெட்டியெடுக்கிற மஞ்சள் கல்தான் கல் என்பார் இன்னொருவர். அந்த மஞ்சள் கல்லுக்குள் கோமேதகத்தின் இனத்தைச் சேர்ந்த நுண்ணிய மணிகள் நிறைந்திருக்கின்றன, இரும்பைச் சுரண்டுவது அவைதான். ராகு தோஷத்துக்கு மோதிரத்தில் வைக்கிற சமாசாரத்தின் பங்காளி அங்கே தாடி தோஷத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தது.

சவரம் பழகுகிற பையனுக்கு இதில் ஒரு பெரிய சிக்கல். அவன் ஒரே நேரத்தில் இரண்டு தொழில் கற்றுக்கொள்கிறான். முகம் எரிகிறது. கத்தியைப் பிடித்த சாய்வு தப்பா, சோப்பு நுரை போதவில்லையா, தோலை இழுத்துப் பிடிக்கவில்லையா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுகிறான். கத்தி மழுங்கல் என்று மட்டும் அவனுக்குத் தோன்றுவதே இல்லை, ஏனென்றால் கூரான கத்தி என்று ஒன்றை அவன் பார்த்ததே கிடையாது. நல்ல கூர் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தீட்டத் தெரியும், தீட்டத் தெரிந்தால்தான் நல்ல கூரைப் பார்க்க முடியும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். கடையில் வாங்கின புதுக்கத்தியாவது உதவுமா? பீட்டர் பிண்டார் என்ற புனைபெயரில் எழுதிய ஜான் வால்காட் இதையே பாட்டாகப் பாடிவிட்டார். சந்தையில் 18 பென்ஸுக்குப் பன்னிரண்டு கத்தி வாங்கிய பட்டிக்காட்டான் முகமெல்லாம் ரணமாகித் திரும்பி வந்து சண்டை போடுகிறான். வியாபாரி நிதானமாகச் சொல்லும் பதிலின் சாரம், அவை விற்பதற்காகச் செய்த கத்திகள், வழிப்பதற்கல்ல என்பது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு யோசனை சொல்கிறார். ஏழைப் பையன் ஒருவனுக்கு ஆயிரம் கினி பணம் கொடுப்பதைவிட, தானே சவரம் செய்துகொள்ளவும் கத்தியைப் பதமாக வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தால் அவன் சந்தோஷமாக இருப்பானாம். பணம் செலவாகிவிடும், மிஞ்சுவது அதை முட்டாள்தனமாகத் தொலைத்த வருத்தம்தான். சவரம் தெரிந்தவனுக்கோ நாவிதருக்காகக் காத்துக்கிடக்க வேண்டாம், அவருடைய அழுக்கு விரல், வாய் நாற்றம், மழுங்கல் கத்தி எதையும் சகிக்க வேண்டாம். அருமையான கருத்து. ஆனால் கத்தியைப் பதமாக வைத்துக்கொள்வது எப்படி என்று பெரியவர் ஒரு வரி எழுதவில்லையே! மின்னலை ஆராய்ந்து இடிதாங்கி கண்டுபிடித்தவர், அடுப்பை, மூக்குக்கண்ணாடியைத் திருத்தி அமைத்தவர், இந்த இடத்தில் மட்டும் நாலு வார்த்தையில் நழுவிவிட்டார். ஆயிரம் கினியை நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

இதற்குள் இங்கிலாந்தில் இரும்பு நன்றாகிவிட்டது. டான்காஸ்டர் ஊரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கடிகார வில் அடிக்கடி முறிகிறதே என்று கவலைப்பட்டு, 1740-களில் ஷெஃபீல்டு பக்கம் போய், மண்மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். ஷெஃபீல்டுக் கத்திக் கொல்லர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கெட்டி, எங்களால் வேலை செய்ய முடியாது" என்று கையை விரித்தார்கள். அவர் பிரான்ஸுக்கு விற்றார். பிரெஞ்சுக்காரர்கள் அதில் கத்தி செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். உடனே ஷெஃபீல்டார் அலறியடித்துக்கொண்டு சர் ஜார்ஜ் சாவில் என்ற பிரமுகரிடம் ஓடி, இந்த எஃகை வெளிநாட்டுக்கு விற்கத் தடை போடுங்கள் என்று கெஞ்சினார்கள். நீங்களே வாங்காத சரக்கை எப்படி ஐயா தடுப்பது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு அவர்களும் கெட்டி இரும்பில் வேலை பழகிக்கொண்டார்கள். போட்டிக்காரர் ஒருவர் பிச்சைக்காரன் வேஷத்தில் குளிர்கிற ராத்திரி உலைக்கூடத்துக்குள் புகுந்து ரகசியத்தைத் திருடினார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, அடுத்தவன் உலையில் குளிர் காய்ந்துகொண்டே திருடுவது நல்ல யுக்தி.

மூசையில் எஃகு செய்வது நம் பக்கத்தில் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நடந்த வேலை. லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் கத்திக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், தன் சவரக்கத்திகள் இந்தியாவிலிருந்து வந்த 'ஊட்ஸ்' எஃகில் செய்தவை, ஐரோப்பாவின் எந்த எஃகையும்விட உசத்தி என்று கடைச் சீட்டிலேயே அச்சடித்திருந்தார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அந்த எஃகின் சூட்சுமத்தைப் பிடிக்க 1820 வாக்கில் இரும்போடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று கிடைத்ததையெல்லாம் போட்டு உருக்கிப் பார்த்தார்கள். சூட்சுமம் சிக்கவில்லை. ஆனால் ஃபாரடே தன் கலவையில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். விஞ்ஞானி கொடுத்த பிளாட்டினம் கத்தியாக இருந்தாலும் தீட்டினால்தான் வழிக்கும்.

கொசுறாக ஒரு சேதி. சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புக்கல்லை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். பிறகு ஷெஃபீல்டுக்குப் போய், மூசையில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். எஃகின் விலை சரிந்தது. அங்கத்திய முதலாளிகள் அந்த முறையில் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து அவருக்குப் பட்டை நாமம் சாத்தினார்கள். வழக்கு முடிவதற்குள் ஆள் போய்விட்டார். நல்ல இரும்பு மலிவாகிவிட்டதால் இனி எவன் வேண்டுமானாலும் நல்ல கத்தி வாங்கி அதை மழுக்கலாம்.

அந்த மழுங்கலில்தான் பணம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் வார் வியாபாரிகள். 1790-களில் லண்டனில் ஜார்ஜ் பேக்வுட் என்பவர் தோல்வாரும் அதில் பூசும் பசையும் விற்றார். பத்திரிகைகளில் அவர் போட்ட விளம்பரங்கள் விடுகதையாக, பாட்டாக, இருவர் பேசிக்கொள்ளும் சம்பாஷணையாக, தினுசு தினுசாக வந்தன. 1796-ல் விளம்பரங்களையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார். முகத்தை வழிக்க வந்தவனிடம் இந்த ஆள் மடியையும் வழித்தார் என்றால் மிகையில்லை. அடுத்த தலைமுறையில் லெடன்ஹால் வீதி ஜான் ஜோசப் மெக்கி 'மாய வார்' என்று ஒன்றை விற்று அந்தக் காசில் எஸ்ஸெக்ஸில் பண்ணை வாங்கி, நீராவி இயந்திரத்தால் சாணிக்கரைசலைக் குழாயில் ஏற்றி வயலுக்குப் பாய்ச்சிப் புகழ் பெற்றார். கிரிமியா யுத்தம் வந்தது. சிப்பாய்கள் தாடியோடு ஊர் திரும்பினார்கள், ஊரே தாடி விட்டது, வார் வியாபாரம் படுத்தது. மாயத்தால் கூட தாடிக்காரனிடம் வார் விற்க முடியவில்லை.

1895-ல் ஒரு காலைப்பொழுது. பாஸ்டன் பக்கத்தில் கிங் ஜில்லெட் என்ற விற்பனைப் பிரதிநிதி கண்ணாடி முன் நிற்கிறார். பாட்டில் மூடி கண்டுபிடித்த வில்லியம் பெயின்ட்டரிடம் வேலை பார்த்தவர். வாங்கி, பயன்படுத்தி, தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வாங்குகிற மாதிரி ஏதாவது கண்டுபிடி என்று பெயின்ட்டர் காதில் ஓதியிருந்தார். அன்றைக்குக் கத்தி மழுங்கல். சாதாரண மழுங்கல் இல்லை, வாரில் இழுத்து மீட்க முடியாத மழுங்கல். நாவிதரிடமோ கத்திக் கொல்லரிடமோ கொண்டுபோய்க் கல்லில் போட்டு வாங்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கத்தியை மடித்து ஜேபியில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். ஜில்லெட்டுக்கு அங்கேயே ஞானம் பிறந்தது. எதற்காகத் தீட்ட வேண்டும்? மெல்லிய தகட்டில் வாய் வைத்தால், மழுங்கினதும் விட்டெறிந்துவிடலாமே!

இரும்பு தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவ்வளவு மெல்லிய தகட்டில் கூர் நிற்காது என்றார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற இன்ஜினியர் வருஷக்கணக்கில் போராடி நிற்கவைத்தார். 1903-ல் முதல் விற்பனை: 51 ரேஸர், 168 பிளேடு. அப்புறம் முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க அரசாங்கமே சிப்பாய்களுக்கு வாங்கிக் கொடுத்தது, பிளேடு ஊர் ஊராய்ப் பரவியது.

தீட்ட வேண்டாம் என்று வரம் கிடைத்த மனிதன் என்ன செய்தான்? பிளேடைத் தீட்ட ஆரம்பித்தான். காசு கொடுத்து வாங்கின சாமானை எப்படித் தூக்கி எறிவது? கண்ணாடி டம்ளரின் உள்பக்கத்தில் தண்ணீர் தொட்டு, விரலால் அழுத்தி, அரைவட்டமாக முன்னும் பின்னும் தேய்த்தால் இன்னும் சில நாளைக்கு ஓடும் என்று சிக்கனக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பிளேடு தீட்டும் எந்திரங்கள் தினுசு தினுசாக விற்பனைக்கு வந்தன. ஹென்றி கெய்ஸ்மன் என்பவர் செய்த 'ஆட்டோஸ்ட்ராப்' ரேஸரின் தலைக்குள் தோல்வாரை நுழைத்து இழுத்தால், பிளேடைக் கழற்றாமலே தீட்டிக்கொள்ளலாம். சக்கைப்போடு போட்டது.

பின்னாளில் கெய்ஸ்மன் இரண்டு பக்கமும் வாயுள்ள பிளேடு ஒன்றும் கொண்டுவந்தார். ஜில்லெட் கம்பெனியின் புது பிளேடு தன்னுடையதைக் காப்பியடித்தது என்று அவர் வழக்குப் போட, பேச்சுவார்த்தை நடந்து, 1930-ல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. சேருகிற சமயத்தில் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் ஜில்லெட் தரப்பில் பல வருஷமாக லாபத்தை ஊதிப் பெருக்கி எழுதியிருந்தார்கள். அந்த அமளியில் நிர்வாகம் கெய்ஸ்மன் கைக்குப் போயிற்று. தீட்டவே வேண்டாம் என்று சொல்லி வளர்ந்த கம்பெனியின் நாற்காலியில் தோல்வாரில் சம்பாதித்தவர் வந்து உட்கார்ந்தார். கிங் ஜில்லெட் 1931-ல் தலைவர் பதவியைவிட்டு விலகினார். பிளேடு உறையின் மேல் மட்டும் அவர் படம் தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தது, அடர்த்தியான மீசையோடு.